ஆட்டிப் பார்க்காத சக்கரம்

அக்காவிடம் 1,500 ரூபாய் வாங்கினேன். அவள் மகன் என் சைக்கிள் டயரைக் கெடுத்துவிட்டான் என்று சொல்லி வாங்கினேன். கெடுத்தது நான். அவன் அந்தச் சைக்கிளை மூன்று நாள் ஓட்டினான், அவ்வளவுதான். ஒன்பது மாதமாக அந்த டயருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காதவன் நான்தான்.

தை மாதம் கோயம்புத்தூரில் டியூப்லெஸ் மாட்டிக்கொண்டு வந்தேன். டியூப் கிடையாது. டயரின் விளிம்பு ரிம்மில் இறுகப் பிடித்துக்கொள்ளும், ரிம்மின் ஓட்டைகளை ஒரு டேப் மூடியிருக்கும், உள்ளே 60 மில்லி வெள்ளைத் திரவம் தளும்பிக்கொண்டிருக்கும். அதுதான் சீலன்ட். மூடியைத் திறந்ததும் அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் உறையாமலிருக்க அம்மோனியா கலப்பார்களே, அதே வாடை. பெரும்பாலான சீலன்ட் அந்த ரப்பர் பால்தான். நாரும் பொடியுமாகச் சில துணுக்குகள் சேர்ந்திருக்கும். முள் குத்தினால் காற்று வெளியே பாயும். பாலும் கூடவே ஓடும். துணுக்குகள் ஓட்டையில் சிக்கிக்கொள்ள, பால் உறைந்து அடைத்துவிடும். ஓட்டுகிறவனுக்குப் பல நேரம் முள் குத்தியதே தெரியாது.

நம் பக்கத்துக்கு இது வரம் என்றே நினைத்தேன். ராசிபுரத்திலிருந்து கொல்லிமலை அடிவாரம் வரை மரவள்ளிக் காட்டு ஓரமெல்லாம் நெருஞ்சி. அதன் காய் காய்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். வேலியோரத்துச் சீமைக்கருவேல் முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். பாலில் இருப்பது தண்ணீர். அது டயரின் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், சேலம் வெயில் என்றால் இரண்டு மாதத்திலேயே பார்த்துவிடுங்கள் என்றார். தலையாட்டினேன். சித்திரை வந்தது, கத்திரி போனது, ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தது. நான் பார்க்கவில்லை.

பார்க்காதது சோம்பல். அதை ஒருவாறு மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதற்கு என்ன பெயர்? எங்கள் ஏழெட்டுப் பேரில் டியூப்லெஸ் போட்டவன் நான் ஒருவன்தான். மல்லூர் டீக்கடை பெஞ்சில் பாடமே நடத்தினேன். 1999-லேயே மாவிக், மிஷ்லான், ஹட்சின்சன் மூன்று கம்பெனியும் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஆரம்பிப்பேன். பிறகு செய்முறை. காற்றை இறக்கு. வால்வு கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, பால் வடிந்து சேரும்வரை பொறு. வால்வு கோரைக் கழற்றி, அந்த ஓட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றை விட்டு எடு, வண்டியில் ஆயில் பார்ப்பது மாதிரி. நுனி நனைந்து வந்தால் சரி, காய்ந்து வந்தால் ஊற்று. ஊற்ற நாமக்கல்லில் கோழி மருந்து விற்கிற கடையில் பெரிய சிரிஞ்சு கிடைக்கும், ஊசி வேண்டாம். பாட்டிலை நன்றாகக் குலுக்கு; சேகோ ஆலைத் தொட்டியில் மாவு அடியில் படிகிற மாதிரி துணுக்கெல்லாம் அடியில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் சரியான தகவல். ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. "நான் மாசம் ஒருக்கா பாத்துருவேன்" என்று முடிப்பேன்.

ஆயுத பூஜைக்குச் சைக்கிளைப் பளபளவென்று துடைத்தேன். ஹேண்டில்பாருக்குச் சந்தனம், குங்குமம். முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சை வைத்து ஏற்றி நசுக்கினேன். அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதும், தளும்பல் சத்தம் இல்லை என்று தெரிந்திருக்கும். நாமக்கல் லாரி கிளீனர் பையன்கள் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் டயர் டயராகத் தட்டிச் சத்தம் கேட்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான்.

பூஜை விடுமுறைக்கு ராசிபுரத்திலிருந்து வந்த அக்கா மகன் சைக்கிளைக் கேட்டான். கொடுத்தேன். மூன்று நாளில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்குக் கிளம்பினேன். (காரவள்ளியோடு சரி. அதற்கு மேல் இருக்கிற 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியதாக நான் எங்கேயும் சொன்னதில்லை. அந்தப் பொய் மட்டும் மிச்சம்.) பேளுக்குறிச்சி தாண்டியதும் முன் சக்கரம் தொய்ந்தது. நெருஞ்சி, மூன்று இடத்தில். பால் வந்து அடைக்கும் என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். சொட்டு வெள்ளை வரவில்லை. பம்ப் அடித்தேன், அடித்த காற்று அடித்த வேகத்திலேயே போனது. பையில் டியூப் இருந்தது. ஆனால் காய்ந்த ரப்பர் டயரை ரிம்மோடு கோந்து மாதிரி ஒட்டியிருந்ததால் என் கையால் பிரிக்க முடியவில்லை. தள்ளிக்கொண்டு நடந்திருக்கலாம். எதிரே ஆட்கள் வந்தார்கள், வெட்கம். காற்றில்லாத சக்கரத்திலேயே இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். டயரின் பக்கச் சுவர் அதில்தான் கிழிந்தது.

காளப்பநாயக்கன்பட்டி பக்கம் ஒரு பஞ்சர் கடை. பெரியவர் கம்பி போட்டு நெம்பித் திறந்தார். உள்ளே மொட்டைமாடியில் காய்ந்த ஜவ்வரிசி வடகம் மாதிரி மஞ்சள் பொருக்கு. ஒன்றைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே. காஞ்சு எத்தன மாசமாச்சோ."

அவர் கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து டியூப் மாட்டிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் போன் செய்தேன். உன் பையன் முள்ளுக்காட்டில் ஓட்டி டயரைப் பாழாக்கிவிட்டான் என்றேன். அவன் போனை வாங்கி, "இல்ல மாமா, ரோட்டுலதான் ஓட்டுனேன், ஏரிக்கரைக்குக்கூடப் போகல" என்றான். "அப்ப இந்த முள்ளு எங்கிருந்துடா வந்துச்சு?" என்று கத்தினேன். அன்று காலை பேளுக்குறிச்சியில் ஏறிய முள். பெரியவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பொருக்கைப் பெஞ்சில் என் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

டயர் விலையில் பாதி என்று அக்கா சாயங்காலமே பணம் அனுப்பினாள். அவனுக்கு அடியும் விழுந்ததாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

பொங்கல் சீர் கொண்டுபோனபோது வழக்கமான பணத்தோடு 1,500-ஐச் சேர்த்து வைத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. தம்பி இந்த வருஷம் கூடுதலாகவே செய்தான் என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை அதன்பிறகு என் சைக்கிளைக் கேட்டதில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். நான் வாசலில் உட்கார்ந்து முன் சக்கரத்தைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா பாக்கறீங்க?"

"சும்மாதான்டா" என்றேன்.