எஞ்சிய ரொட்டி

அரபு உணவு என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது முழு ஆடும், அதன்கீழ் மலைபோல் குவிந்த சோறுமே. அது வளைகுடாவின் விருந்து. கலீல் ஜிப்ரான் பிறந்த லெபனானின் உணவோ முற்றிலும் வேறு. 2023 பிப்ரவரியில், துபாய் தேராப் பகுதியின் லெபனான் உணவகம் ஒன்றில் இதனைக் கண்டறிந்தோம். அழைத்துச் சென்றவர் அங்குப் பணிபுரியும் நம் பழைய மாணவர்.

அமர்ந்த சிறிது நேரத்தில் மேசை நிறைந்தது. எல்லாம் சிறு தட்டுகள். 'மெஸ்ஸே' என்பது அவற்றின் பொதுப்பெயர். நடுவில் உள்ளதை அனைவரும் ரொட்டியால் எடுத்து உண்ண வேண்டும். காயல்பட்டினத்துத் திருமணங்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தவர்க்கு இது புதிதன்று.

இறைச்சியை எதிர்பார்த்த நமக்கு முதலில் வந்தவை இலையும் கடலையுமே. தபூலேயில் கோதுமைக் குருணை பெயருக்குத்தான். பொடியாக நறுக்கிய பார்ஸ்லித் தழையே பெரும்பகுதி. கொத்துமல்லியை ஒத்த தழை அது. நம் வீடுகளில் துவையலுக்குக்கூட இத்தனை அள்ளிப் போடமாட்டார்கள். அடுத்தது ஹும்முஸ். அவித்த கொண்டைக்கடலையோடு எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்தது.

"ஐயா, நம்மூர்ச் சுண்டலை அம்மியில் ஏற்றிவிட்டார்கள்" என்றார் மாணவர்.

இவ்வெளிய பண்டத்தின்மீது லெபனானியர் கொண்ட பெருமிதம் பெரிது. 2010 இல் 10,452 கிலோ ஹும்முஸ் ஆக்கி உலக சாதனை படைத்தனர். சதுர கிலோமீட்டர் கணக்கில் தம் நாட்டின் பரப்பு அவ்வெண்ணே!

பின்னர்க் கரியடுப்பில் சுட்ட இறைச்சியும் வந்தது. நன்றாகவே இருந்தது, அதைப்பற்றி மிகுதியாக எழுதுவதற்கில்லை.

நெஞ்சில் நின்றது ஃபத்தூஷ். வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி, கீரை ஆகியவற்றோடு மொறுமொறுப்பான ரொட்டித் துண்டுகள். புளிப்புக்குச் சுமாக் என்னும் சிவந்த கனியின் தூள். (நம் புளியை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றழைப்பவர்கள் அரபியர்; இங்கே அதற்கு வேலையில்லை.) பரிமாறியவர் லெபனானின் திரிபோலி நகரத்தவர். "எங்கள் வீட்டில் நேற்றைய ரொட்டியில்தான் இதைச் செய்வார்கள், ரொட்டியை எறியமாட்டோம்" என்றார். மாணவர் நம் பழைய சோற்றைப்பற்றி ஆங்கிலத்தில் அவருக்கு விளக்கலானார்.

அம்மக்கள் ரொட்டியை எறியாததற்கு வரலாறும் உண்டு. 1915 முதல் 1918 வரை வெட்டுக்கிளியும் போர்முற்றுகையும் பிறவும் விளைத்த பஞ்சத்தில் அம்மலைநாட்டில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மாண்டனர். அக்காலத்தைச் சித்திரிக்கும் தவ்ஃபீக் யூசுப் அவ்வாதின் 1939 ஆம் ஆண்டுப் புதினத்துக்கு 'அர்-ரகீஃப்', ரொட்டி, என்றே பெயர். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுக வெடிப்பில் நாட்டின் முதன்மைத் தானியக் குதிர்கள் சிதைந்தன. நெடுங்காலம் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 1,500 என நின்ற லிரா, நாம் உண்ட அந்தப் பிப்ரவரியில் அரசுக் கணக்கிலேயே 15,000 ஆயிற்று.

"வங்கியில் இட்ட பணம் 2019 இல் முடங்கியது, ஆகவே இங்கு வந்தேன். மாதந்தோறும் தாய்க்கு அனுப்புகிறேன்" என்றார் பரிமாறியவர்.

"நானும் அவ்வாறே" என்றார் மாணவர். அதன்பின் இருவரும் தத்தம் ஊரின் அரிசி, கோதுமை விலைகளைப் பேசத் தொடங்கினர். நாம் உண்பதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பணம் செலுத்தி எழுந்தபோது மேசையில் நான்கு ரொட்டிகள் எஞ்சியிருந்தன. நாம் கேளாமலேயே அவற்றைத் தாளில் பொதிந்து, "நாளைக்கு ஃபத்தூஷ்" என்று மாணவரின் கையில் கொடுத்தார் அவர். சுமாக் எந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று மாணவர் விசாரித்துக்கொண்டார்.