குட்டி யானைக்குப் புது எஞ்சின் வந்தாச்சு... லோடு?

பி.காம். படிக்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: பெரிதாக ஒன்றும் தெரியாது :-) ஆனால் என் பள்ளிக்கூட ஃபீஸ், இப்போது காலேஜ் ஃபீஸ் இரண்டையும் கட்டியது ஒரு 702 சி.சி. டீசல் எஞ்சின்தான். அந்த உரிமையில் நாலு வார்த்தை.

அப்பா திருப்பூரில் டாட்டா ஏஸ் ஓட்டுகிறார். அதாங்க, நம்ம குட்டி யானை. நிட்டிங்கில் இருந்து துணி ரோலை ஏற்றி டையிங்கில் இறக்குவார். அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கம்பெனி. ஒரு பனியன் நம் உடம்புக்கு வருவதற்குள் எத்தனை தடவை குட்டி யானை ஏறி இறங்குகிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வண்டி முதலில் வந்தது 2005-ல். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்துச் செய்த வண்டி. எஞ்சின் கதை இன்னும் சுவாரசியம். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் 1405 சி.சி. அதைச் சரிபாதியாக்கி ரெண்டு சிலிண்டரில் 702 சி.சி. எஞ்சின் ஆக்கினார்கள். 16 ஹெச்.பி.தான். மோட்டார் பைக்குகளே அதைவிட அதிகம் வைத்திருக்கின்றன. ஆனாலும் அந்த 16 குதிரை எங்கள் ஊரையே இழுத்தது.

2025 ஜூனில் ஏஸ் புரோ என்று புதுசு வந்தது. முகம், கேபின் எல்லாம் மாறிவிட்டது. பெட்ரோல், பெட்ரோலோடு சி.என்.ஜி., பேட்டரி என்று மூன்று வகை. வந்தபோது பெட்ரோல் வண்டியின் ஆரம்ப விலை 3.99 லட்சமாக இருந்தது. எஞ்சின் 694 சி.சி., 30 ஹெச்.பி. இந்த எஞ்சின் ஏஸ் கோல்டிலேயே வந்ததுதான். ஆனால் எங்களை மாதிரி டீசல் குடும்பத்துக்கு அது புதுசுதானே!

ஏன் பெட்ரோல்? 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஃபில்டர், அது இது என்று தனிச் சாமான்கள் வேண்டும். பெரிய லாரியில் அந்தச் செலவு கரைந்துவிடும். இத்துனூண்டு வண்டியில் விலையைத் தூக்கிவிடும். 2025 செப்டம்பரில் வந்த டீசல் ஏஸ் கோல்டு பிளஸ்ஸின் ஆரம்ப விலை அப்போது 5.52 லட்சமாக இருந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் வித்தியாசம்.

அப்பாவின் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பெட்ரோல் வண்டி லோடு இழுக்காதுங்க." பேப்பரில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பழைய டீசலின் டார்க் 40-க்கும் கீழே. புதுப் பெட்ரோலுக்கு 55. ஹெச்.பி.யும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இழுப்பு விஷயத்தில் என் ஓட்டு புது எஞ்சினுக்குத்தான்.

சரி, எனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி? எங்கள் வண்டி 2017 செப்டம்பரில் எடுத்தது. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டினால் போதும். அதற்கு மேல் வருஷா வருஷம் காட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் எங்களுக்கு எட்டு முடிந்தது. நான் உடனே, "ஏனுங்ப்பா, இதைக் குடுத்துட்டு புதுசு எடுத்துரலாமுங்க" என்று ஆரம்பித்தேன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் நல்ல மார்க் வாங்கிய திமிர் வேறு. ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

எங்கள் டீசல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது. ஸ்டாண்டில் பெட்ரோல் ஏஸ் வைத்திருக்கும் அண்ணன் 15 என்கிறார். அப்போது டீசல் சுமார் 92 ரூபாய், பெட்ரோல் 101. அப்படியானால் கிலோமீட்டருக்கு டீசலில் 5.11, பெட்ரோலில் 6.73. வித்தியாசம் 1.62. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருளுக்கு மட்டும் கூடுதலாக 2,430 ரூபாய். (இதே கணக்கில் புது டீசலின் கூடுதல் விலையைத் திரும்ப எடுக்க அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே புதுசு எடுப்பதானால் பெட்ரோல்தான் என்று அந்த ஆட்டத்தை அங்கேயே முடித்துவிட்டேன்.)

பழசை விற்று முன்பணம் கட்டினாலும் மூன்றரை லட்சம் கடன் வேண்டும். 11 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 9,050. எரிபொருளையும் சேர்த்தால் 11,480. பழைய வண்டிக்கு மாதம் 3,000 ஒர்க்ஷாப்பில் கொடுக்கிறோம், அது மிச்சம். ஆக, மாதம் சுமார் 8,500 கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். ஒரு நடைக்கு டீசல், கூலி போகக் கையில் நிற்பது 400. அப்படியானால் 22 நடை. அதாவது தினமும் ஒரே ஒரு நடை கூடுதல். அவ்வளவுதானே! வேகமான வண்டி, முடியாதா என்ன?

காலையில் பெருமையாக நீட்டினேன். அப்பா கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி கண்ணு. அந்த இருவத்திரெண்டு நடைக்கு லோடு எங்க இருக்குது?"

என்னிடம் பதில் இல்லை.

2025 ஆகஸ்ட் 27-ல் இருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது ஞாபகம் இருக்கும். எங்கள் ஊருக்கு அது டி.வி. செய்தி இல்லை. ஸ்டாண்டில் மத்தியானம் வரை வரிசையாக நிற்கும் வண்டிகள் அது. அப்பாவுக்கு நேரம் பத்தாமல் இல்லை. வண்டிக்கு வேகம் பத்தாமலும் இல்லை. ஏற்றுவதற்கு ரோல் இல்லை. 16 ஹெச்.பி. ஆனால் என்ன, 30 ஆனால் என்ன, நிற்கிற வண்டிக்கு ரெண்டும் ஒன்றுதான்.

இன்னொன்றும் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. 2020 லாக்டவுனில் ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2021-ல் முடிய வேண்டிய கடன் இழுத்துக்கொண்டே போய் ஒரு வழியாக முடிந்த அன்று, அப்பா ஆர்.சி. புத்தகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அன்று சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

அப்படியென்றால் பழைய வண்டிதான் உசத்தியா? அதுவும் இல்லை. லீவில் ஒரு நாள் முழுக்க அப்பாவோடு வண்டியில் போனேன். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மத்தியானம் கீழிருந்து சூடு, மேலிருந்து வெயில். ரெண்டு சிலிண்டர் டீசலின் நடுக்கம் வேறு. சாயங்காலம் டீக்கடையில் அப்பா கிளாஸை எடுத்தபோது அவர் விரல்கள் நடுங்கின. "வண்டிய விட்டு எறங்குனா கொஞ்ச நேரம் அப்பிடித்தான் கண்ணு" என்றார். எட்டு வருஷமாக அப்படித்தான் போலிருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும். என் கணக்கில் டீசலுக்கு ஒரு வரி, ஒர்க்ஷாப்புக்கு ஒரு வரி போட்டிருந்தேன். இந்த விரல்களுக்கு ஒரு வரியும் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். கையில் நிலையான லோடு இருக்கிறவர், முதல் வண்டி வாங்குகிறவர், புதுப் பெட்ரோல் ஏஸை யோசிக்காமல் எடுக்கலாம். கடன் முடிந்த ஓடுகிற வண்டி வைத்திருப்பவர் புது எஞ்சினின் ஹெச்.பி.யைப் பார்க்கும் முன், தன் ஸ்டாண்டில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் லோடை இழுக்கும். லோடைக் கொண்டு வராது.

பழைய வண்டிக்கே ஒரு வருஷ எஃப்.சி. வாங்கிவிட்டோம். டிரைவர் சீட்டைப் பிரித்துப் புது ஃபோம் வைத்துத் தைத்தாயிற்று, 1,800 ரூபாய். அந்த ஒரு செலவுக்கு மட்டும் நான் லாப நஷ்டம் பார்க்கவில்லை.

அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் மறுபடி கணக்குப் போடுவேன். இந்த முறை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. பெட்ரோல் ஏஸ் ஓட்டுகிற அண்ணன்கள் யாராவது, முழு லோடில் உண்மையான மைலேஜ் எவ்வளவு என்று சொன்னால் புண்ணியமாகப் போகும். 15 என்பது 17 ஆனால் என் கணக்கே மாறிவிடும்!