மனசு நோட்டு

அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட் வாரம் என்றால் எங்களுக்குப் பகலெல்லாம் வாய்ப்பூட்டு. விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் போகிறவர்கள் வீடெல்லாம் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை அது. ஊர் எழுவதும் உண்பதும் உறங்குவதும் அதன் சங்குக்குத்தான். இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து பட்டாசலில் படுத்திருப்பவரை எழுப்பிவிடக் கூடாது. கோடை லீவில் ஒரு வளவு நிறையப் பிள்ளைகள் எப்படிச் சத்தமில்லாமல் இருப்பது? மற்ற வீடுகளில் அதட்டலும் அடியும். எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள்.

அத்தை தொடக்கப் பள்ளி ஆசிரியை. “சும்மா இருங்கல” என்று அவள் சொன்னதே இல்லை. புறவாசல் வேப்பமரத்தடியில் எங்களை உட்காரவைத்து, “கண்ண மூடிக்கிட்டு என்னெல்லாம் கேக்குன்னு பாருங்க. பொறவு எழுதுங்க” என்பாள். முதலில் காக்கா, சைக்கிள் மணி, அவ்வளவுதான் எழுத வந்தது. போகப் போகத் தொட்டியில் சொட்டுகிற தண்ணீரும், பக்கத்து வீட்டில் முறத்தில் அரிசி புடைப்பதும் கேட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில் மில்லின் இரைச்சல். பிறந்ததிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததாலேயே அதுவரை காதில் விழாத இரைச்சல். அப்பாவின் குறட்டையும் பட்டியலில் ஏறியது. அதைக் கேட்பதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பெருநெல்லிக் காலத்தில் ஆளுக்கொரு காய் தருவாள். கடித்து மென்று, மேலே ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். இனிப்பு நாக்கின் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் 1979-இல் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், ஒரே ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்னச் சொல்வார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு நாக்கில் நெல்லிக்காய் ஊறியது.

வெளியே கேட்பது பழகியபின் கவனத்தை உள்ளே திருப்பினாள். “இப்ப மனசுல என்ன ஓடுதுன்னு பாரு.”

“ஒண்ணும் ஓடலையே அத்தை” என்றாள் பெரியப்பா மகள்.

“அப்ப ‘ஒண்ணும் ஓடல’ன்னு எழுதுட்டி. அதுவும் ஒரு நெனப்புதான்.”

போன வருஷத்து நோட்டுகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். மனசு நோட்டு என்று அவளே பெயர் வைத்தாள். நல்ல நினைப்பு, கெட்ட நினைப்பு என்று பிரிக்காமல் வந்ததை வந்தபடி எழுத வேண்டும். பசிக்கு. தம்பி மேல கோவம். நாளைக்கி ஆத்துக்குப் போகணும். என் முதல் பக்கங்கள் இப்படித்தான் இருந்தன. பள்ளிக்கூடத்து நோட்டில் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் சிவப்பு மையால் சுழிக்கிறவள், இந்த நோட்டைக் கையால் தொட்டதில்லை. ஒருநாள் சித்தப்பா என்னுடையதை எடுத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். அத்தை அடுக்களையிலிருந்து வந்து பிடுங்கிவிட்டாள். “அது அவன் மனசு. நீ உன் சோலியப் பாரு.”

அவள் சொல்லிக்கொடுத்ததிலெல்லாம் இதுதான் பெரிது என்று நினைக்கிறேன். இன்று பிள்ளைகளுக்கு மனத்தைக் கவனிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று பள்ளிகளே பேசுகின்றன. 2018-இல் தில்லி அரசுப் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரைக்குமான அந்தப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது என்று அறிந்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் பிள்ளை எழுதியதை வாங்கி ‘வெரி குட்’ போட்டுக் கொடுக்கிற நல்ல ஆசிரியர்களையும் பார்க்கிறேன். அன்பால்தான் செய்கிறார்கள். என்றாலும் அந்த வெரி குட்டுக்கு அடுத்த நாளே பிள்ளை டீச்சருக்குப் பிடித்ததை எழுத ஆரம்பித்துவிடும். பொறாமையும் பயமும் பக்கத்தை விட்டுப் போய்விடும், மனத்தை விட்டுப் போகாமல்.

எனக்குப் பயம் இருந்தது. தாத்தா இறந்த வருஷம் அது. இரவில் விழித்துக்கொண்டு விடியும்வரை கிடப்பேன். பயப்படாதே என்று எல்லாரும் சொன்னார்கள். திருநீறு பூசினார்கள். அத்தை, “அது ஒடம்புல எங்க இருக்குல?” என்று கேட்டாள். வயிற்றில் என்றேன். “எப்ப வருது, எப்படி இருக்கு, எப்ப போகுது, எழுதி வையி” என்றாள். எழுதினேன். சில்லென்று இருக்கு. ஐஸ் மாதிரி. கோழி கூவவும் போயிட்டு.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். சில வாரம் பக்கத்துக்குப் பக்கம் பயம், சில வாரம் சுத்தமாக இல்லை. பயம் வந்ததெல்லாம் அப்பாவின் ராத்திரி ஷிஃப்ட் வாரங்கள். தாத்தா தூங்கும்போதே போனவர். நான் தூங்கும்போது கிளம்பிப் போகிற அப்பாவும் திரும்பாமல் போய்விடுவாரோ என்பதுதான் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. யாரும் எனக்கு விளக்கவில்லை. என் கையெழுத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அவள் சொன்னாள்.

அடுத்த ராத்திரி ஷிஃப்டிலிருந்து, சங்கு ஊதுவதற்கு முன் அப்பா என்னை எழுப்பி, “போயிட்டு வாரேன்ல” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். அந்த வாரத்துப் பக்கங்களில் பயத்துக்கு இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் தம்பியோடு பம்பரச் சண்டை.