பழுதின் இருப்பிடம்
கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள். மகளின் மடிக்கணினியில் இணையம் அறுந்தறுந்து வந்தது. "நீதான் எதையோ மாற்றியிருப்பாய்" என்று கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறாமல் கூடத்திற்குச் சென்று, மடிக்கணினியைக் கம்பிவடத்தால் ரூட்டருடன் இணைத்தாள். இணையம் தடையின்றி வந்தது. "வெளியிலிருந்து வரும் இணைப்பிலும் கணினியிலும் குறையில்லை, அப்பா. வைஃபை அலைதான் என் அறையை எட்டவில்லை" என்றாள்.

கண்ணை உறுத்துகிறதென்று, முந்தைய நாள் ரூட்டரை இரும்பு அலமாரியின் பின்னே மறைத்து வைத்தவன் நானே! ரேடியோ அலைகளை உலோகம் தடுக்கும் என்பதை மறந்திருந்தேன். அதனை எடுத்து உயரமான திறந்த இடத்தில் வைத்ததும் வைஃபை சீரானது, விண்ணப்பமும் சென்றது.

பழுதைத் தேடுபவர் செவ்வனே இயங்குவனவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்க வேண்டும். நானோ சோதிக்காமலே தீர்ப்பளித்தேன். வகுப்பறையில் எத்தனை மாணவரை இவ்வாறு கடிந்திருப்பேனோ!