வலிக்காத கால்

அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களுக்கென்று ஒரு வீடு இல்லை என்பது உறைத்தது. 2006ஆம் ஆண்டு. சேந்தமங்கலம், ராசிபுரம் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் கிறிஸ்தவ சபைகளில் உபதேசியாராக இருந்தவர். ஊர் மாறினாலும் எங்கேயும் ஒரு சபை வீடு இருக்கும். கூடத்தில் யாரும் வந்து உட்காரலாம் என்று ஒரு பெஞ்சு கிடக்கும். பணிநிறைவு ஆராதனையில் சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள் சாவியைக் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. புது உபதேசியார் கைக்குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தார்.

ராசிபுரத்தில் விசைத்தறி ஓயாத ஒரு சந்தில் இரண்டு அறை பிடித்தோம். பெஞ்சை வைக்க இடமில்லை, விற்றுவிட்டோம். "இத்தன வருசமா நடுராத்திரியில கதவத் தட்டுனாங்க. இப்பப் பால்காரர் மட்டுந்தான் தட்டறாரு" என்பார் அம்மா. வாடகை அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கதவு தட்டப்படாததுதான் பெரிதாகத் தெரிந்தது. அப்பா அதைச் சொல்லவேயில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு பழைய வீடுகளுக்கு நடக்கக் கிளம்பிவிடுவார்.

ஐம்பது வயதிலிருந்தே அவருக்குச் சர்க்கரை. ஊழியக்காரர்களுக்கு அந்த வியாதி எப்படி வருகிறது என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வீடு சந்திக்கப் போனால் டீ வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏழை வீடாக இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல முடியாது. அந்த வீட்டில்தான் மரியாதைக்கென்று இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை விழும்.

2011 கோடையில் ஒரு நாள் அம்மா வாசலிலிருந்து கூடம்வரை சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார். அப்பாவின் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு வேலிக்காத்தான் முள் பெருவிரல் அடியில் ஏறியிருந்தது. பகல் முழுவதும் அதன்மேல் நடந்திருக்கிறார். தெரியவில்லை. நாலைந்து நாளில் கால் கறுத்து வீங்கியது, சேலத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தினார். "தொடறப்பச் சொல்லுங்க ஐயா." அப்பா காத்திருந்தார். "இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டார். டாக்டர் அதற்குள் முடித்து, இழையை மேசையில் வைத்துவிட்டிருந்தார்.

"வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க" என்றார் டாக்டர்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "எத்தன பேரு தலைமேல கைய வச்சு வலி போகட்டும்னு ஜெபிச்சிருப்பேன் கண்ணு. இப்ப வலி வரட்டும்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

அதற்குப் பிறகு சில மாதங்கள் அவர் குடும்ப ஜெபம் நடத்தவில்லை. அம்மா நடத்தினார்; அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஊழியக்காரர்களின் முதுமையை எழுதுகிறவர்கள் இந்த மாதங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புத்தகங்களில் விசுவாசம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சாட்சி மேடைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி வரவில்லை.

பார்க்க வந்த புது ஜெபக்குழு ஆள் ஒருவர் "விசுவாசக் குறைவு" என்றார். இன்சுலினை நிறுத்திவிட்டு உபவாசம் இருக்கச் சொன்னார். அம்மா அடுப்படிக்குள் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் பழைய பேச்சு திரும்பியது. அப்போஸ்தலன் பவுலுக்கும் ஒரு முள் இருந்தது, மூன்று தரம் மன்றாடியும் எடுபடவில்லை என்று நினைவூட்டிவிட்டு, "அவருக்காவது குத்துனது தெரிஞ்சுதுங்க. எனக்கு அதுவும் தெரியல" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்தோம்.

புண் ஆறியதும் ஆஸ்பத்திரியில் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுத்தார்கள், மிருதுவான ரப்பர் அட்டை வைத்தது. அப்பா அதற்கு வைத்த பெயர் 'கொல்லிமலைக்காரர் செருப்பு'. காரணம் இருக்கிறது. சேந்தமங்கலத்தில் நின்று பார்த்தால் தெரியும் அந்த மலையில் வளர்ந்தவர், 1914இல் பிறந்த பால் பிராண்ட். மிஷனரியான அவருடைய அப்பா ஜெசி பிராண்ட், மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சலில் 1929இல் அங்கேயே இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அறுவை மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று நம்பிய காலம் அது. அப்படியல்ல, உணர்ச்சி போன கையும் காலும் சூட்டிலும் வெட்டிலும் ஓயாத அழுத்தத்திலும் சேதமாகின்றன, வலி இல்லாததுதான் கேடு என்று அவர் காட்டினார். அந்தப் பாதங்களுக்காகத்தான் மெத்தென்ற ரப்பர் செருப்புகள் வந்தன. பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் இதே கதைதான் என்றார்.

அப்பாவுக்கு அவரைவிட அவருடைய அம்மாவைத்தான் தெரியும். 1960களில் இளைஞனாக மலையேறிய நாட்களில் எவலின் பிராண்ட் அம்மையாரைப் பார்த்திருக்கிறார். லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து, ஓவியம் படித்தவர். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது, ஊருக்குப் போகாமல் தன் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பு முறிந்து, இரவெல்லாம் தரையில் கிடந்தார். காலையில் பார்த்தவர்கள் கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கீழே இறக்கினார்கள். மகன் வந்து, இனி மலை வேண்டாம் என்று கெஞ்சினார், கேட்கவில்லை. பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் குதிரையிலும் ஊர் ஊராகப் போனார். கடைசி இருபது வருடங்கள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். அவர் சொல்லிவைத்தபடி பருத்தித் துணியில் சுற்றி, கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

விரல் போன காலோடு அப்பா மலையடிவாரத்துக் காரவள்ளிப் பக்கம் கிளம்பத் தயாரானபோதெல்லாம் இந்த அம்மையாரைத்தான் துணைக்கு அழைத்தார். ஒரு நாள் அம்மா பொறுக்கவில்லை.

"அந்தம்மாளுக்குக் குதிர இருந்துச்சுங்க. விழுந்தாத் தூக்கிட்டு வர மலைச்சனம் இருந்துச்சு. உங்களத் தூக்கறதுக்கு நானும் ஒரு பொட்டப்புள்ளயுந்தான்."

நான் அம்மா பக்கம். அந்தக் கட்டிலைத் தோளில் சுமந்து வழுக்குப் பாதையில் இறங்கியவர்களின் பெயர்கள் எனக்குக் கிடைத்ததில்லை. இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது; அன்றைக்கு நோயாளிக்கு மனிதத் தோள்தான். ஓயாமல் உழைத்த கிழவியின் விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் பிறர் கட்டிலருகே நின்று ஜெபித்தவர், தானே கட்டிலில் படுத்து இன்னொருவர் கைக்குத் தன்னைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதற்கும் விசுவாசம் வேண்டும். அப்பா காலை மறைப்பார். வேட்டியை இழுத்து இழுத்து மூடுவார். தன் பாதத்தை அம்மா மடியில் வைக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. "பெரிய வியாழனுக்கு ஊரார் கால எல்லாம் கழுவுனாரு. அவரு காலக் காட்டத்தான் இவ்வளவு வெக்கம்" என்பார் அம்மா. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்து, தினமும் இரவில் சிவப்பு இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று இருவரும் பார்ப்பார்கள். ஜெபம் அதற்குப் பிறகு. இப்போது அதை நடத்துவது அப்பா.

எண்பதைத் தாண்டிவிட்டார். புதன்கிழமை மதியம் அவரைப் போலவே ஓய்வுபெற்ற போதகர்களும் உபதேசியார்களும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்கு இருதய ஆபரேஷன் ஆனது, ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காது கேட்காத அவர்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பார். வேதபுத்தகத்தைத் திறக்குமுன் மாத்திரை விலையும் மகன்களின் போன் அழைப்பும் பேசியாக வேண்டும். கதவு மறுபடி தட்டப்படுகிறது என்று அம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி, ஆனால் கறார்தான். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு டீ கிடையாது. காட்டினாலும் சர்க்கரை கிடையாது. அந்த இரண்டாவது விதியை மட்டும் அவர்கள் ஒவ்வொரு வாரமும் எதிர்த்துப் பார்க்கிறார்கள்.