பழைய லேப்டாப்பில் சத்தம் வரலையா? எங்கே நின்னு போச்சுன்னு முதல்ல பாருங்க

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாச்சு, படம் ஓடுது, நெட் வருது, சத்தம் மட்டும் வரலை. இப்படி ஒரு மெசேஜ் எனக்கு மாசத்துக்கு ஒண்ணாவது வந்துடும். கடைக்குக் கொண்டு போனால் "போர்டு போச்சு" என்பார்கள். தெரிஞ்சவங்களைக் கேட்டால் "எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு" என்பார்கள். ரெண்டுமே கடைசியில் யோசிக்க வேண்டியவை. அதுக்கு முன்னாடி அரை மணி நேரத்தில் வீட்டிலேயே பார்க்கக்கூடியது நிறைய இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்காருங்க.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. படிச்சது எம்பிபிஎஸ், வேலை அரசு மருத்துவமனையில். ஆனா நியூராலஜி போஸ்டிங்கில் எங்க சார் ஒரு பழக்கத்தை மண்டையில் ஏத்தி அனுப்பினார். கை வரலைன்னு ஒருத்தர் வந்தால் "என்ன நோய்"னு ஆரம்பிக்காதே, "எங்கே"ன்னு ஆரம்பி. மூளையா, தண்டுவடமா, நரம்பா, நரம்பும் தசையும் சேர்ற இடமா, தசையேவா? இடம் தெரிஞ்சாலே நோய்ப் பட்டியலில் முக்கால்வாசி தானா உதிர்ந்துடும். லேப்டாப் சத்தமும் இதே மாதிரி ஒரு பாதையில்தான் போகுது. எங்கேயோ ஒரு இடத்தில் நிக்குது.

போன மாசம் வந்த கேஸையே சொல்றேன்.

எங்க வார்டில் துப்புரவு வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க. மகள் நர்சிங் முதல் வருஷம். மாமா பையன் பிளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச அரசு லேப்டாப்பை இப்போ இந்தப் பாப்பா வச்சிருக்கு. 2011-ல் ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கும். அதில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் தயாரிச்ச நம்ம ஊர் லினக்ஸ் அது. நிறைய வீட்டில் அந்தப் பக்கம் ஒரு தடவை கூடத் திறந்திருக்க மாட்டாங்க, அது வேற கதை. அதிலிருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தியாச்சு. அதனால எங்க ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் ரேமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். நல்லாவே ஓடுது. சத்தம் மட்டும் இல்லை.

பாப்பாவுக்கு இந்தச் சத்தம் ஏன் அவ்வளவு முக்கியம்னா, காலேஜில் நுரையீரல் சத்தமும் இதயச் சத்தமும் ஆடியோ ஃபைலாகக் கொடுத்து, கேட்டுப் பழகிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. பிராக்டிகலில் அதிலிருந்துதான் கேட்பாங்க. வீட்டில் இருக்கிறது ஒரே போன், அது அக்காவோட டூட்டிக்கு வந்துடும். கடையில் போர்டு மாத்த 4,500 ரூபாய் கேட்டிருக்காங்க. அக்காவுக்கு அது பாதி மாசச் சம்பளம்.

இப்போ பாதை. நீங்க ஒரு பாட்டைப் போட்டால், முதல்ல பிளேயர். அடுத்து சவுண்ட் சர்வர். நாலு புரோகிராம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் கலந்து அனுப்புற ஆள் இது. ரொம்ப வருஷம் பல்ஸ்ஆடியோ அந்த வேலையைச் செஞ்சது. இப்போ பைப்வயர் அந்த இடத்துக்கு வந்தாச்சு (ஃபெடோரா 2021-லேயே மாறிடுச்சு, உபுண்டு 2022-ல்). அதுக்குக் கீழே அல்சா, அது கர்னலோட ஒரு பகுதி. டிரைவர் இங்கேதான் இருக்கு. அதுக்கும் கீழே போர்டில் கோடெக்னு ஒரு சின்ன சிப். எண்ணா வர்றதை மின் அலையா மாத்துறது அதோட வேலை. அங்கிருந்து ஹெட்போன் ஜாக்குக்கு ஒரு வழி, ஸ்பீக்கருக்கு ஒரு வழி. அவ்வளவுதான்.

முதல் டெஸ்ட்டுக்கு டெர்மினல் கூட வேண்டாம். என் ஹெட்போனை எடுத்துச் செருகினேன். சத்தம் கேட்டது! தெளிவா, ரெண்டு காதிலும்.

இந்த ஒரு டெஸ்ட் என்னென்ன சொல்லுதுன்னு பாருங்க. பிளேயர் சரி, சர்வர் சரி, அல்சா சரி, டிரைவர் சரி, கோடெக் சரி. போர்டு போகலை. லினக்ஸையும் அழிக்க வேண்டியதில்லை. (அந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி ஏற்கெனவே ரெண்டு தடவை அழிச்சுப் போட்டாச்சு, பாவம்.) பிரச்சினை, பாதை ரெண்டாப் பிரியுற இடத்துக்குக் கீழே எங்கேயோ. ஒண்ணு ஸ்பீக்கர், இல்லன்னா அதுக்குப் போற ஒயர், இல்லன்னா எந்தப் பக்கம் அனுப்பணும்னு முடிவு பண்ற இடம். வீட்டில் ஹெட்போன் இல்லாததால் அவங்க பார்க்கலை. கடையில் ஹெட்போன் இருந்திருக்கும். செருகிப் பார்க்க அரை நிமிஷம் கூட ஆகாது.

அடுத்து பாவுகண்ட்ரோல்னு ஒரு சின்ன புரோகிராம். மின்டில் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். அதைத் திறந்தால் எந்தப் புரோகிராமில் இருந்து சத்தம் வருது, எந்தக் கருவிக்குப் போகுதுன்னு ஒரு பட்டை ஏறி இறங்கிக் காட்டும். ஈசிஜி மானிட்டர் மாதிரி. பட்டை ஆடினால் அந்த இடம் வரைக்கும் சத்தம் வந்தாச்சுன்னு அர்த்தம். அதில் அவுட்புட் பக்கம் போனால், "ஹெட்போன், செருகப்பட்டிருக்கு"ன்னு காட்டுது. நான் ஹெட்போனை உருவி மேசை மேல் வச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. திரும்பச் செருகினேன், உருவினேன். அந்த வரி மாறவே இல்லை.

அப்போதான் அக்காகிட்ட கேட்டேன். "அக்கா, இது எப்பவாவது ஹெட்போன் மாட்டியிருக்கும்போது கீழ விழுந்துச்சா?"

"ஆமா சார், கட்டில்ல இருந்து விழுந்துச்சு. ஹெட்போன் முனையே வளைஞ்சு போச்சு. அது ரெண்டு வருஷம் இருக்கும் சார். அதுக்கும் இதுக்கும் என்ன?"

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. லினக்ஸ் போட்டது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. ஆனா எல்லார் வாயிலும் "லினக்ஸ் போட்டதுல இருந்து சத்தம் வரலை"தான். நடுவில் யாரும் சத்தம் வச்சுக் கேட்கவே இல்லை, அதனால் பழி புதுசா வந்தவன் மேல. ஊசி போட்ட அன்னைக்குக் காய்ச்சல் வந்தால் ஊசிதான் காரணம்னு சொல்றது ஓபியில் தினம் பார்க்கிறதுதானே.

ஜாக் உள்ளே ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பிளக் போனால் அது நகரும். கோடெக் அதை உணர்ந்து டிரைவருக்குச் சொல்லும். டிரைவர் ஸ்பீக்கரை மூடிடும். பஸ்ஸில் நாம ஹெட்போன் மாட்டும்போது ஊருக்கே கேட்காம இருக்கிறது இதனால்தான். இங்கே அந்த நாக்கு வளைஞ்சோ தூசி அடைச்சோ, பிளக் உள்ளேயே இருக்கிற நிலையில் மாட்டிக்கிச்சு. டிரைவர் தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது. அதுக்கு வர்ற தகவல் தப்பு. தசை நல்லா இருக்கு, உணர்வு நரம்பு பொய் சொல்லுது.

உறுதி பண்ண ஒரே வழி, அந்தத் தகவலை நம்பாதேன்னு டிரைவர்கிட்ட சொல்றது. டெர்மினலைத் திறந்து அல்சாமிக்சர்னு ஆங்கிலத்தில் ஒரே சொல்லா, சின்ன எழுத்தில் அடிங்க. வரிசையாத் தூண் தூணா வரும். எஃப்6 அழுத்தினால் எந்த சவுண்ட் கார்டுன்னு தேர்ந்தெடுக்கலாம். தூணுக்கு அடியில் எம்எம்னு இருந்தால் அது மூடியிருக்கு, எம் அழுத்தினால் திறக்கும். வலது பக்கம் நகர்ந்துக்கிட்டே போனால் பல லேப்டாப்பில் ஆட்டோ-மியூட் மோட்னு ஒண்ணு இருக்கும். மேல்கீழ் அம்புக்குறியால் அதை டிசேபிள் ஆக்கினேன். ஸ்பீக்கர் தூணைத் திறந்து ஏத்தினேன். பாவுகண்ட்ரோலில் ஹெட்போனுக்குப் பதிலா ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன்.

சத்தம் வந்துடுச்சு. மின்டோட தொடக்க இசைக்கு அக்கா கைதட்டினாங்க.

மாத்தினது ரீஸ்டார்ட் ஆனதும் போயிடக்கூடாதுன்னா, சுடோ போட்டு அல்சாக்ட்எல் ஸ்டோர்னு ஒரு கட்டளை. இப்போ இருக்கிற நிலையை எழுதி வச்சுக்கும். ஒரே குறை, இனி ஹெட்போன் செருகினால் தானா மாறாது, கையால் மாத்தணும். பாப்பா அரை நிமிஷத்தில் கத்துக்கிச்சு.

ஜாக்கைச் சுத்தம் பண்ணியும் பார்த்தோம். லேப்டாப்பை அணைச்சு, பேட்டரியைக் கழட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசா நனைச்ச மெல்லிய பஞ்சுக்குச்சி. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டை எடுத்துடாதீங்க, சிலதில் தோலுக்காக எண்ணெய் கலந்திருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் சரியானது கிடைக்கும். தூசி கொஞ்சம் வந்துச்சு, நாக்கு நகரலை. வளைஞ்சதுதான் போல.

உங்க கேஸ் வேற இடத்தில் இருக்கலாம். பட்டையே ஆடலைன்னா மேல்பக்கம் பாருங்க. அந்தப் புரோகிராமையோ பிரவுசர் டேபையோ மியூட் பண்ணி வச்சிருப்பீங்க. பட்டை ஆடுது, ஆனா போற இடம் எச்டிஎம்ஐன்னு இருந்தால், இல்லாத டிவிக்குச் சத்தம் போயிக்கிட்டு இருக்கு, அவுட்புட்டை மாத்தினால் போதும். "டம்மி அவுட்புட்"னு காட்டினால் சர்வர் கண்ணுக்கு எந்த சவுண்ட் கார்டும் தெரியலைன்னு அர்த்தம். முழுசா அணைச்சு, பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, திரும்பப் போட்டுப் பாருங்க. விண்டோஸும் சேர்ந்து இருக்கிற லேப்டாப்பில் இது சில சமயம் வேலை செய்யும். இல்லன்னா லினக்ஸ் இருக்கிற பென்டிரைவில் இருந்து, இன்ஸ்டால் பண்ணாம லைவா ஓட்டிப் பாருங்க. அதில் சத்தம் வந்தால் உங்க செட்டிங்கில்தான் கோளாறு. அதிலும் வரலைன்னா டிரைவரோ ஹார்டுவேரோ.

டிரைவர் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. இன்டெல் 2004-ல் எச்டி ஆடியோன்னு ஒரு தரத்தைக் கொண்டு வந்தது. அதில் கோடெக் சிப்போட எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகுது, எந்தக் கால் ஜாக்குக்குப் போகுதுன்னு பயாஸ் சொல்லணும். சில மாடல்களில் பயாஸ் தப்பாச் சொல்லும். அதனால் லினக்ஸ் கர்னலில் மாடல் வாரியா ஒரு பட்டியலே வச்சிருக்காங்க. இந்த அடையாள எண் உள்ள லேப்டாப்பா, பயாஸ் சொல்றதை விடு, இப்படி எடுத்துக்கோன்னு மாடலுக்கு ஒரு வரி. தகாஷி இவாய்னு ஒருத்தர், சூசே நிறுவனத்தில் வேலை, லினக்ஸ் சவுண்ட் பகுதியை வருஷக்கணக்கா பராமரிக்கிறார். எங்கேயோ ஒருத்தர் தன் லேப்டாப்பில் சத்தம் வரலைன்னு விவரத்தோட எழுதுவார், ஒரு வரி சேரும், அடுத்தடுத்த அப்டேட்டில் உலகம் பூரா இருக்கிற அதே மாடல் பேச ஆரம்பிக்கும். ஒரே நோயாளியைப் பத்தி எழுதின கேஸ் ரிப்போர்ட் அவ்வளவு வேகமா மருந்தா மாறி நான் பார்த்ததே இல்லை. அதனால் உங்களுக்கும் அப்படி மாட்டினால், அல்சா-இன்ஃபோங்கிற கருவியை ஓட்டுங்க. மொத்த விவரத்தையும் ஒரே ஃபைலா எடுத்துக் கொடுக்கும். கேஸ் ஷீட் இல்லாம நோயாளியை ரெஃபர் பண்ணினால் எங்களுக்கு எரிச்சல் வருமே, அவங்களுக்கும் அப்படித்தான்.

எதுவுமே ஆகலைன்னா, யுஎஸ்பியில் செருகுற சின்ன சவுண்ட் அடாப்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. பெரும்பாலும் செருகினதும் வேலை செய்யும். பழைய சிப்பையே சுத்திக்கிட்டுப் போற பைபாஸ்.

பாப்பா கேஸுக்கு வர்றேன். சத்தம் வந்த மறுநாள் ஒரு புகார். "சார், வீசிங் நல்லா கேக்குது. கிரெப்ஸ் கேக்குது. ஹார்ட் சவுண்ட் மட்டும் டொக்கு டொக்குன்னு ரொம்ப மெலிசா வருது. ஸ்பீக்கர் இன்னும் சரியாகலையா?"

ஸ்பீக்கர் சரிதான்மா. இதயச் சத்தத்தோட பலமெல்லாம் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மூணாவது சத்தம் அதைவிடவும் கீழே. லேப்டாப்பில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரால் 200-க்குக் கீழே உருப்படியா எதையும் எழுப்ப முடியாது. காத்தை அசைக்கிற அளவுக்கு அதுக்கு உடம்பு பத்தாது. வீசிங் அதுக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்கிற சத்தம், அதான் கேட்குது. ஸ்டெதஸ்கோப்பில் பெல், டயஃபிரம்னு ரெண்டு பக்கம் வச்சிருக்கிறதும் இதுக்காகத்தான். மைட்ரல் வால்வு சுருங்கினவங்களுக்கு வர்ற அந்த உறுமல் தாழ்ந்த சத்தம், பெல்லை லேசா வச்சால்தான் பிடிபடும். ருமாட்டிக் காய்ச்சலால் இதயம் கெட்டுப்போனவங்க நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இதைக் காதில் பழகாம விட்டுட முடியாது.

மெலிசா கேட்குதுன்னு பாப்பா வால்யூமை 100-ஐத் தாண்டி 150 வரை ஏத்தி வச்சிருந்துச்சு. பாவுகண்ட்ரோல் அதுக்கு இடம் கொடுக்கும். ஆனா அப்படி ஏத்தினால் அலையோட உச்சி வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடத்தில் ஒரிஜினலில் இல்லாத கரகரப்பு புதுசா முளைக்கும். பாட்டுக்குன்னா பரவாயில்லை. இதயச் சத்தத்தில் அந்தக் கரகரப்பை மர்மர்னு நினைச்சுப் பழகிட்டால், நாளைக்கு நல்லா இருக்கிற நெஞ்சிலும் அதைத் தேடும். 80-க்குக் கொண்டு வந்து, என் ஹெட்போனைச் செருகி, அவுட்புட்டைக் கையால் மாத்தச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் கேட்டுச்சு. "சார், ரெண்டு சத்தம் இல்ல சார் இதுல. ரெண்டாவதுக்கு அப்புறம் இன்னொண்ணு வருது, சின்னதா." ஃபைல் பெயரைப் பார்த்தேன். மூணாவது சத்தம் உள்ள ஃபைல்தான் அது.

ஹெட்போன் இப்போ பாப்பாகிட்டதான் இருக்கு. ஜாக்கை மாத்த வேற ஒரு கடையில் உதிரி பாகமும் கூலியும் சேர்த்து 350 சொல்லியிருக்காங்க. பிராக்டிகல் முடியுற வரைக்கும் யாரும் லேப்டாப்பைத் திறக்கக் கூடாதுன்னு அக்கா உத்தரவு.