விரல் தடிமனா, இடம் குறைச்சலா?

"என் விரல் தடிமன், அம்மா. எனக்கு இது வரவே வராது!"

முக்கொம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பெண் இப்படிச் சொன்னாள். நான் அப்போது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வார்த்தைகள் எனக்குப் பழக்கமானவை. பதினான்கு வயதில், ஸ்ரீரங்கத்தில் ஒரு வீணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தவை. "குழந்தைக்கு விரல் தடிமன். வீணை வராது, பாட்டு வேண்டுமானால் சொல்லி வையுங்கள்" என்றார், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். என் அப்பா மறு பேச்சுப் பேசவில்லை. வீணைக்கு உறை போட்டாயிற்று. நானும் அன்றிலிருந்து என் கையைப் பற்றி அந்த அபிப்பிராயத்தையே வைத்துக்கொண்டு, குடித்தனம் நடத்தி, தையல் தைத்துக் காலத்தைத் தள்ளிவிட்டேன்.

இப்போது அதே தீர்ப்பை என் பெண் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள்!

அவளுடைய வாத்தியம் வீணை அல்ல, பேஸ் கிடார். சினிமாப் பாட்டில் அடியிலே 'தும் தும்' என்று நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஒரு நாதம் ஓடுகிறதே, அதுதான். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிடாருக்கு நாலு தந்திகள். இன்றைக்கும் பெரும்பாலானவை அப்படித்தான். என் பெண்ணுடையதற்கு ஆறு தந்திகள். அடியில் ஒரு தடித்த தந்தி அதிகம். மேலே ஒரு மெல்லிய தந்தி அதிகம். ஆறு தந்தியில் என்ன சௌகரியம் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

கல்லூரியில் அடுத்த வாரம் அவளுக்கு ஒரு நிகழ்ச்சி. சிநேகிதி பாடுகிறாள், கூட கிடார் வாசிக்க வேண்டியவனுக்குப் பரீட்சை. ஆகவே பாட்டுக்குத் துணை இவள் ஒருத்தி வாத்தியம்தான். ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசித்தால் பந்தலில்லாத கல்யாணம் மாதிரி வெறிச்சென்று இருக்கும். மூன்று நாலு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் மீட்ட வேண்டும். அதற்குத்தான் 'கார்டு' என்று பெயர்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. வீணையில் பக்கத்திலே ஓடுகிற மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால் மீட்டும்போது ஸ, ப, மேல் ஸ மூன்றும் சேர்ந்துதானே ஒலிக்கின்றன? ஆனால் மேல்நாட்டுச் சங்கீதத்தில் கூடவே ஒரு காந்தாரமும் வேண்டும். அந்தர காந்தாரம் சேர்ந்தால் ஒரு குணம். சாதாரண காந்தாரம் சேர்ந்தால் வேறு குணம். காந்தாரமே இல்லாவிட்டால் சிரிக்கிறதா, அழுகிறதா என்று சொல்ல முடியாத முகம் மாதிரி இருக்கும்.

இந்தக் காந்தாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சங்கடம். அடி ஸ்தாயியில் ஸட்ஜத்தின் பக்கத்திலேயே வைத்தால் இரண்டும் கலந்து ஒரே உறுமலாகக் கேட்கிறது. கனத்த ஸ்வரங்கள் இரண்டு நெருங்கி நின்றால் காதுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அதனால் காந்தாரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தி, எட்டத்தில் வைக்க வேண்டும். நாலு தந்தி வாத்தியத்தில் ஒரு கட்டை சுருதிக்கு ஸட்ஜம் மூன்றாவது மெட்டில் என்றால், அந்த மேல் காந்தாரம் கடைசித் தந்தியில் ஒன்பதாவது மெட்டில். நடுவே எட்டு அங்குலத்துக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு சாண்! பெண்பிள்ளை கைக்கு எட்டுமா? ஆறாவது தந்தி இருந்தால் அதே காந்தாரம் நாலாவது மெட்டிலேயே கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்குகிற மாதிரி!

தடித்த தந்தியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றாவது தந்தியில் மூன்றாவது மெட்டு ஸ. நாலாவது தந்தியில் ஐந்தாவது மெட்டு ப. ஐந்தாவது தந்தியிலும் ஐந்தாவது மெட்டு, மேல் ஸ. ஆறாவதில் நாலாவது மெட்டு, காந்தாரம். நாலு விரலுக்கும் வேலை ஆயிற்று.

புளிய மரத்தடியில் ஜமக்காளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவள் இதைத்தான் வாசித்துப் பார்த்தாள். ஸ வந்தது. ப வந்தது. மேல் ஸ வந்தது. காந்தாரம் மட்டும் 'டப்' என்று ஊமையாகிவிட்டது. பத்துத் தடவை வாசித்தாள். பத்துத் தடவையும் அதே கதைதான். அப்போதுதான் விரலைப் பழித்தாள்.

"தந்திகள் ரொம்ப நெருக்கம், அம்மா. இதைவிட அகலமாய்த் தந்தி கட்டின வாத்தியம் இருக்கிறது. அது இருந்தால்..." என்று இழுத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதன் விலை இவருடைய ஒரு மாதச் சம்பளத்தைச் சாப்பிட்டுவிடும். இவரோ காது கேளாதவர் போலக் கொள்ளிடத்துக் கதவணையை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பையில் நான் எப்போதும் ஒரு இஞ்சி டேப் வைத்திருப்பது வழக்கம். ரவிக்கைக்குப் பட்டன் துணி சரியாக விழவில்லை என்றால் உடம்பைக் குறை சொல்லக் கூடாது. முதலில் அளக்க வேண்டும் என்பது தையல் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். டேப்பை எடுத்தேன். பெண் சிரித்தாள். சிரிக்கட்டும்!

வாத்தியத்தின் தலைப்பக்கத்தில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் நடுவே 45 மில்லி மீட்டர். ஆறு தந்திக்கு இடையில் ஐந்து சந்து, சந்துக்கு 9. வலது கை மீட்டுகிற பக்கத்தில், குதிரை மேலே, 82-க்குக் கொஞ்சம் அதிகம், சந்துக்குப் பதினாறரை. ஆக, தந்திகள் தலைப்பக்கம் நெருங்கியும் குதிரைப் பக்கம் விலகியும் ஓடுகின்றன. அவள் விரல் தடுமாறுகிற ஐந்தாவது மெட்டில் அளந்தேன். சந்துக்கு 11-க்குச் சற்றுக் குறைவு.

"நீ கேட்கிற வாத்தியத்தில் எவ்வளவு?" என்றேன்.

"குதிரையில் 19, அம்மா. இதைவிட இரண்டரை மில்லி மீட்டர் ஜாஸ்தி!"

அந்த இரண்டரை குதிரையில்தான் இரண்டரை. ஐந்தாவது மெட்டு தலைப்பக்கத்திலிருந்து கால்வாசித் தூரத்தில் இருக்கிறது. ஆகவே லாபத்திலும் கால்வாசிதான் அங்கே வந்து சேரும். தலைப்பக்கத்து இடைவெளி மாறாவிட்டால் அரை மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வலது கைக்கு அந்த அகலம் உபயோகம். கட்டை விரலால் தட்டி, மற்ற விரலைத் தந்தியின் கீழே கொடுத்துச் சுண்டுகிறவர்களுக்கு அது அவசியமும்கூட. இடது கை கார்டுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அரை மில்லி மீட்டர் வாங்குவதா?

இவர் சட்டென்று திரும்பி, "கணக்கென்றால் உங்கம்மாதான்!" என்றார். காது நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனாலும் ஊமைக் காந்தாரம் ஊமையாகத்தானே இருக்கிறது? குனிந்து அவள் கையைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. அதை நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது.

விரல் தந்திக்குக் குறுக்கே வருகிறது. அதனால் விரலின் தடிமன் தந்தியின் நீளவாட்டிலே போகிறது. பக்கத்துத் தந்தியை நோக்கிப் போவது விரலின் நீளம்! ஐந்தாவது தந்தியை அமுக்கும் சுண்டுவிரல், ஆறாவது தந்தியின் தலைக்கு மேலாகத்தான் தாண்டி வர வேண்டும். பாலம் மாதிரி வளைந்து வந்தால் அடியில் ஆறாவது தந்தி சுகமாக அதிரும். நுனிக் கணு மடங்கிப் படுத்துவிட்டால், விரலின் அடிவயிறு தந்தி மேல் உட்கார்ந்து அதை ஊமையாக்கிவிடும். ஒல்லி விரலானாலும் படுத்தால் இதே கதிதான்.

விரல் ஏன் படுக்கிறது? கட்டை விரல் வாத்தியத்தின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜமக்காளத்தில் சப்பணமிட்டதில் வாத்தியமும் மல்லாந்து கிடந்தது. "எழுந்து அந்தச் சிமெண்டு பெஞ்சியில் உட்கார். தலைப்பக்கத்தைத் தூக்கிப் பிடி. கட்டை விரலைக் கழுத்தின் பின்னாலே, நடுவிலே வை" என்றேன்.

செய்தாள். காந்தாரம் லேசாக முனகியது. முழுசாக வரவில்லை. அவள் முகம் மறுபடி வாடிற்று.

எதிரே தண்ணீர் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துபோய்த் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடிக்கொண்டிருந்ததால், 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கே அணை கட்டினார். அதன் மேலிருந்த பழைய மதகுகளில் ஒன்பது 2018 ஆகஸ்டு மாதம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதும், பிறகு புதிதாகக் கதவணை கட்டியதும் உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே நெருங்கிப் புறப்படுகிற இரண்டு ஆறுகளும் கீழே போகப் போக விலகுகின்றன. ஸ்ரீரங்கத்துக்கு வருவதற்குள், ஏழு பிராகாரத்தோடு பெருமாள் கோவிலும் எங்கள் வீடும் உட்காருகிற அளவுக்கு நடுவிலே இடம் கிடைத்துவிடுகிறது!

"அடியே, கொஞ்சம் கீழே தள்ளி வாசியேன்! அதே மாதிரி விரலை வைத்து, பத்தாவது மெட்டிலிருந்து ஆரம்பி" என்றேன்.

பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதி. அங்கே சந்துக்குப் பன்னிரண்டே முக்கால். மெட்டுகளும் அங்கே கிட்டக் கிட்ட இருப்பதால் விரல்கள் அவ்வளவு அகல வேண்டாம். சுருதி 5 கட்டைக்கு மாறிவிடும், மாறட்டும், பழகுவதற்குத்தானே!

நாலு விரலும் இறங்கின. மீட்டினாள். ஸ, ப, ஸ... அப்புறம் காந்தாரம்! மணி மாதிரி விழுந்தது. பக்கத்து மரத்தடியில் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. என் பெண் தன் கையையே, புதிதாக யாரோ கொடுத்ததைப் போலப் பார்த்தாள்.

அங்கிருந்து ஒவ்வொரு மெட்டாகத் தலைப்பக்கம் ஏறி வரச் சொன்னேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் ஆறாவது மெட்டு வரை வந்துவிட்டாள். மூன்றாவதற்கு இன்னும் நாலு நாள் பிடித்தது. நிகழ்ச்சியன்று ஒரு இடத்தில் காந்தாரம் மறுபடி ஊமையாயிற்று. எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

பிறகு அவளே ஒரு கதை சொன்னாள். 1975-ல் ஆன்டனி ஜாக்ஸன் என்ற அமெரிக்க வாத்தியக்காரர், கார்ல் தாம்ப்ஸன் என்பவரிடம் சொல்லி ஆறு தந்தி பேஸ் ஒன்றைச் செய்வித்துக்கொண்டாராம். அந்த மகானுக்கே தந்திகளின் நெருக்கம் பிடிக்காமல், பிற்பாடு இடைவெளி அகன்ற வாத்தியங்களுக்கு மாறினாராம். "பார்த்தாயா, வாத்தியத்தைத்தான் மாற்றினார், என் விரல் தடிமன் என்று எழுந்து போய்விடவில்லை" என்றேன்.

ஒரு குழந்தையின் கையைப் பார்த்து 'வராது' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எங்கே இடிக்கிறது என்று குனிந்து பார்க்க ஒரு மத்தியானம் ஆகிறது. என் விஷயத்தில் அந்த ஒரு மத்தியானத்தை யாரும் செலவழிக்கவில்லை. எனக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

அந்தப் பழைய வீணை என் அண்ணா வீட்டுப் பரணில், உறை பிரிக்காமல் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அங்கே போகிறேன். தேங்காய், பழம், புஷ்பத்தோடு இஞ்சி டேப்பையும் எடுத்து வைத்திருக்கிறேன்.